பனையைப் பார்க்காதே

உட்காரும்மா. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். பெஞ்சில் உட்கார்.

காற்று இன்னும் அடங்கவில்லை. அதோ, கம்பத்தின் உச்சியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு துணிப்பை தெரிகிறதா? அது விறைத்து நிற்கிறவரை புதிதாகக் குதிக்கிறவர்களைப் பிளேனில் ஏற்ற மாட்டார்கள். பை தொங்கினால் போகலாம். சாயங்காலம் தொங்கும். தொங்காவிட்டால் நாளைக்கு வா. என்னிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. காற்றை நான் ஊதவில்லை.

காலையில் வகுப்பு எடுத்தாரே, கேப்டன் அருளானந்தம், இந்தக் கிளப் அவருடையது, அவர் சொன்னதெல்லாம் நினைவிருக்கிறதா? சொல்லு பார்க்கலாம்.

சரி, சரி, போதும். ஒப்பிக்காதே. அவர் படம் போட்டுக் காட்டுவார். சிரித்துக்கொண்டே சொல்வார். 'பதற வேணாம், என்ஜாய் பண்ணுங்க' என்பார். ஆகாயத்திலிருந்து விழுவதில் என்ன என்ஜாய்? நான் சொல்கிறேன், கேள். நான் சுபேதார் ஏகாம்பரம். பாராசூட் படையில் இருந்தவன். வேலூர்ப் பக்கம் எங்கள் ஊர், வீட்டுக்கு ஒருவன் பட்டாளம். இங்கே என் வேலை தரையில் நின்று ரேடியோவில் பேசுவது. உன் தலைக்கவசத்துக்குள் ஒரு சின்ன ரேடியோ வைத்திருப்பார்கள். நீ குதித்த பிறகு அதில் கேட்கப்போவது என் குரல்தான். இப்போதே பழகிக்கொள்.

என்ன? கேப்டன் என்ன சொன்னார்?

விடு. அவர் என்ன சொல்லியிருந்தாலும் சரி. நடுவில் பேசாதே. கேள்வியெல்லாம் கடைசியில்.

என் மகளைவிட உனக்கு நாலைந்து வயது கூட இருக்கும். 'நீ' என்றுதான் பேசுகிறேன். கோபம் வந்தால் வரட்டும். பேர் என்ன? சௌந்தரவல்லியா? அவ்வளவு நீளத்தைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் நீ தரைக்கு வந்துவிடுவாய். வல்லி போதும். எந்த ஊர்? கரூர். மின்வாரிய ஆபீஸ். சரி. எதற்காகக் குதிக்க வந்தாய் என்று நான் கேட்கவில்லை. இல்லையம்மா, சொல்ல வேண்டாம். இங்கே வருகிற எல்லாரிடமும் ஒரு கதை இருக்கிறது. புருஷன் போனான், பிள்ளை வெளிநாடு போயிற்று, டாக்டர் ஏதோ சொன்னார். தரைக்கு அதெல்லாம் தெரியாது. எல்லாரையும் ஒரே மாதிரிதான் வாங்கிக்கொள்ளும்.

விஷயத்துக்கு வருகிறேன்.

கதவு திறக்கும். சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கே பாதிப் பேருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அழு, தப்பில்லை. கைமட்டும் நடுங்கக் கூடாது. இறக்கைக்குக் கீழே ஒரு கம்பி போகிறது. இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கு. உள்ளே இருக்கிறவர் 'போ' என்பார். விட்டுவிடு. அவ்வளவுதான். அப்படி விடுவதுதான் நம் ஆட்களுக்கு வராது. திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்காரர் ஒருவர், பெரிய உடம்பு, கம்பியைப் பிடித்தவர் பிடித்தவர்தான். 'நான் உள்ளாறயே வந்துர்றேங்க' என்று கத்துகிறார். உள்ளே வர ஏது வழி? கம்பிக்குப் போன பிறகு இருக்கிற ஒரே வழி கீழே போகிற வழி. கை ஓய்ந்து தானாக விட்டார். விட்டால் விழு. வயிற்றை முன்னால் தள்ளி வில்லாக வளை. சுருண்டுகொள்ளாதே.

பிளேனில் கட்டியிருக்கிற பட்டை உன் முதுகிலிருந்து குடையை உருவித் திறந்துவிடும். நீ ஒன்றும் செய்ய வேண்டாம். மேலே பார். குடை சதுரமாக, முழுசாக இருந்தால் உன் சாமி எதுவோ அதைக் கும்பிடு. முறுக்கியோ கிழிந்தோ இருந்தால், முதலில் வலப்பக்கம் சிவப்புப் பிடி, பிறகுதான் இடப்பக்கம் வெள்ளிப் பிடி. சிவப்பு கெட்ட குடையைக் கழற்றிவிடும். வெள்ளி மாற்றுக் குடையைத் திறக்கும். வரிசையை மாற்றினால் இரண்டும் ஒன்றையொன்று பின்னிக்கொள்ளும். பிறகு நான் எவ்வளவு பேசினாலும் அது இரங்கல் பேச்சுதான்.

சிரிக்கிறாயா? சிரி. மேலே போனால் வராது.

இனி ரேடியோ. ஒருவழி ரேடியோ. நான் பேசுவேன், நீ கேட்பாய். நீ பேசினால் எனக்குக் கேட்காது. நல்ல ஏற்பாடு. உலகத்தில் எல்லாமே இப்படி இருந்திருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது. 'கேட்டால் காலை ஆட்டு' என்பேன். அந்தரத்தில் தொங்கிக்கொண்டு இரண்டு காலையும் சைக்கிள் மிதிக்கிற மாதிரி ஆட்டு. அதுதான் உன் பதில். வேறு பதில் தேவையில்லை.

அப்புறம், கீழே பார்க்காதே. ஆக்ரா பாராசூட் பள்ளியில் எங்கள் உஸ்தாத், பயிற்சி கொடுக்கிறவர், முதல் குதிப்புக்கு முந்தின நாள் சொன்னார், 'எதை வேண்டுமானாலும் பார், இறங்கும்போது காலுக்குக் கீழே மட்டும் பார்க்காதே.' ராத்திரி தூக்கத்தில்கூட அதே வார்த்தைதான். மறுநாள் இறங்கினேன். பார்த்தேன். தரை வருவதற்கு முன்பே காலை நீட்டினேன். இந்த முழங்காலுக்குக் கீழே இன்னும் தகடு இருக்கிறது, மழை வந்தால் வலிக்கும். அதனால்தான் சொல்கிறேன். கீழே பார்க்காதே, கீழே பார்க்காதே என்று பத்துத் தடவை மனசுக்குள் சொல்லிக்கொள்.

இப்போது முக்கியமான சங்கதி. கேப்டன் எங்கே? பைலட்டோடு பெட்ரோல் பீப்பாய் எடுக்கப் போயிருக்கிறார். இந்த சீசனில் வகுப்பு முடிந்ததும் நேரே பிளேனில் ஏற்றிவிடுகிறார், என்னோடு தனியே பேச விடுவதில்லை. இன்றைக்குக் காற்று நமக்கு நேரம் கொடுத்திருக்கிறது. நான் சொல்லப்போவதை அவரிடம் சொல்லாதே.

எழுந்து இப்படி வா. வாசலுக்கு வா. என் விரல் காட்டுகிற பக்கம் பார். ஓடுதளம் தெரிகிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சிமெண்டு. அதற்கு அப்பால் பொட்டல். கண் போகிற தூரம்வரை ஒரு வேலி இல்லை, வீடு இல்லை, கரண்டுக் கம்பி இல்லை. இறங்குவதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அந்தப் பொட்டலின் தெற்கு ஓரத்தில், அதோ, ஒற்றையாக ஒன்று நிற்கிறதே. பனை. தெரிகிறதா? நன்றாகப் பார்த்துக்கொள். அடி சற்றே கறுத்திருக்கும், கொண்டையில் காய்ந்த மட்டை தொங்கும்.

அதைப் பார்க்காதே.

இவ்வளவு வெற்றிடத்தில் ஒரே ஒரு மரம். எல்லாரும் அதில்தான் போய் விழுகிறார்கள். நான் சொல்லச் சொல்ல விழுகிறார்கள்.

ஈரோட்டிலிருந்து காளியண்ணன் என்று ஒரு பாங்க் ஆபீசர் வந்தார். இந்த இடத்தில்தான், இதே மாதிரி நிறுத்தி, விரலை நீட்டிக் காட்டினேன். 'சார், வேறே எங்கே வேண்டுமானாலும் போங்கள். அது மட்டும் வேண்டாம்.' படித்த மனிதர், தலையாட்டினார். குடை விரிந்தது. கயிறு கட்டி இழுத்த மாதிரி நேரே பனைக்குப் போனார். குடை கொண்டையில் மாட்டிக்கொண்டது. ஆள் நடுமரத்தில் தொங்குகிறார். பக்கத்து ஊர்ச் சடையன்தான் மரமேறுகிறவன், அவனைக் கூட்டிவந்தோம். அவன் அண்ணாந்து பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்கிறான், 'முதல்ல நுங்கு இறக்கணுமா, ஆளை இறக்கணுமா?' மேலிருந்து காளியண்ணன் கத்துகிறார், 'யோவ், நான் டெபுடி மேனேஜர்யா!' 'இருந்துட்டுப் போங்க சாமி, குலையை ஒதைக்காதீங்க' என்றான் சடையன்.

அப்புறம் ஒரு புருஷன் பெண்டாட்டி, இரண்டு பேரும் பல் டாக்டர். புருஷனுக்கு ஒரு தடவை சொன்னேன். அவர் காதில் வாங்காமல் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தம்மா நல்ல பெண், மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். கடைசியில் கேட்காதவன் பொட்டலுக்கு நடுவில் பூ மாதிரி இறங்கினான். கேட்டவள் பனை அடியில் கணுக்காலை உடைத்துக்கொண்டாள். இதற்கு என்ன சொல்கிறாய்? நியாயம் என்று ஒன்று இருந்தால் இப்படி நடக்குமா?

எங்கே பார்க்கிறாய்? நான் இங்கே நிற்கிறேன்.

உட்கார். கடைசியாகப் பனைக்குப் போனவர் தர்மலிங்கம். நாமக்கல்லில் காலேஜ் வாத்தியார். சாது. அவருக்கு நான் வகுப்பிலேயே சொன்னேன், பெஞ்சில் சொன்னேன், பிளேன் படியில் கால் வைக்கும்போதும் சொன்னேன். குடை விரிந்ததும் ரேடியோவை எடுத்தேன். அவர் தெற்கே திரும்பினார். 'பனை சார், பனை!' என்று கத்தினேன். இன்னும் கிட்டே போனார். இன்னும் கத்தினேன். அடிமரத்தில் மோதினார். சத்தம் இங்கே கேட்டது.

முதுகெலும்பு. இன்னும் படுக்கையில்தான் இருக்கிறாராம். நான் பார்க்கப் போனேன். ஆப்பிள் வாங்கிக்கொண்டுதான் போனேன். அந்த வீட்டம்மா கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகச் சொன்னேன், 'அவ்வளவு சொன்னேம்மா, சார்தான் கேக்கல.' ஜன்னலையும் சாத்திவிட்டாள். ஆப்பிளை வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

அவர் தலைக்கவசத்தில் சின்னக் காமிரா ஒன்று இருந்தது. படத்தோடு சத்தமும் பதிந்திருந்தது. கேப்டன் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டுக் காட்டினார். முழுக்க என் குரல். 'பனை, பனை, பனையைப் பாக்காதீங்க, பனை சார்.' முடிந்ததும் கேப்டன் படத்தை நிறுத்தினார். பிறகு, 'வலதுன்னு ஒரு தடவை சொல்லியிருக்கலாமே சார்' என்றார்.

'எங்கே போகக் கூடாதுன்னு சொன்னேன் இல்ல?' என்றேன்.

'மனுஷன் எதைப் பாக்கறானோ அங்கதான் சார் போவான். பனைன்னு சொன்னா பனையைத்தான் பாப்பான். போக வேண்டிய இடத்தைக் காட்டுங்க சார்.'

தத்துவம்! குழி இருக்கிற இடத்தைச் சொல்லாமல் விட்டால் குழி மூடிக்கொள்ளுமா? அந்தக் காமிராவில் இருப்பது என்ன? நான் எச்சரித்தேன் என்பதற்குச் சாட்சி. வேறு என்ன?

மரத்தை வெட்டிவிடலாம் என்று பார்த்தார் கேப்டன். பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும். மனு கொடுத்தார். வி.ஏ.ஓ. வந்து மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். 'மரம் பாட்டுக்கு நிக்குது. நீங்கதானே வந்து மோதறீங்க?' என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அதுவும் சரிதான்.

அதன்பிறகு கேப்டன் ஒரு சட்டம் போட்டார். இந்தக் கிளப்பில் யாரும் பனை என்ற வார்த்தையை எடுக்கக் கூடாது. என்னைப் பார்த்துச் சொன்னார், 'சார், வலது, இடது, இழுங்க. இந்த மூணு வார்த்தைக்கு மேல வேணாம். அந்த வார்த்தை இன்னொரு தடவை உங்க வாயில வந்துச்சுன்னா நீங்க வீட்டுக்குக் கிளம்பிடுங்க.'

வீட்டுக்காம்.

வீட்டில் என்ன இருக்கிறது? ஒரு கட்டில், ஒரு சாமி படம், தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு எதிரே தண்ணீர் கேன் கடை. அந்தக் கடையைப் பார்த்துக்கொண்டு என்னால் ஒரு நாள்கூட உட்கார முடியாது. அதனால்தான் இந்தக் கொட்டகையில் படுத்துக் கிடக்கிறேன். கேப்டனும் போகச் சொல்லவில்லை.

என்ன கடையா? அதையும் சொல்லிவிடுகிறேன். காற்று அடங்கவில்லையே.

என் மகள் தமயந்தி. ஒரே பெண். அவள் பிளஸ் டூ எழுதின வருஷம் நான் ரிட்டையராகி ஊருக்கு வந்தேன். வந்த அன்றைக்கே தெருவை ஒரு பார்வை பார்த்தேன், பட்டாளத்துப் பழக்கம். எதிர்வரிசையில் வில்சன் என்று ஒருவன், தண்ணீர் கேன் போடுகிறவன். ஆளைப் பார்த்ததுமே எனக்குப் பட்டுவிட்டது. அன்றைக்குச் சோறு சாப்பிடும்போதே சொல்லிவிட்டேன், 'அந்த வில்சன் பக்கம் திரும்பக் கூடாது.'

'யாருப்பா வில்சன்?' என்கிறாள். நடிப்பைப் பார்! கையைப் பிடித்து ஜன்னலுக்கு அழைத்துப்போய் நானே காட்டினேன். 'அதோ, நீலச் சட்டை. சுருட்டை முடி. நல்லாப் பாத்துக்க. அவனை ஏறெடுத்துப் பாக்கக் கூடாது.'

அதோடு விட்டேனா? தினமும் சொன்னேன். காலேஜ் கிளம்பும்போது சொன்னேன், வரும்போது கேட்டேன், 'அவன் பார்த்தானா? நீ பார்த்தியா?' என் பெண்டாட்டி பட்டம்மாள்கூடச் சொன்னாள், 'சும்மா கெடக்கற பேரை ஏங்க அவ வாயில போடறீங்க?' அவளுக்கு என்ன தெரியும்? மகள் காலேஜ் முடிகிறதுக்குள் ரிஜிஸ்தர் ஆபீசில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அவனோடுதான். வேறு யாரோடு?

துணிமணி எடுக்க வந்தாள். வாசற்படியில் நின்று என்ன சொன்னாள் தெரியுமா? 'நீங்க காட்டற வரைக்கும் அந்த ஆளு மூஞ்சியே எனக்குத் தெரியாதுப்பா.' பெற்ற அப்பனிடம், முகத்தைப் பார்த்து, இப்படி ஒரு பொய்.

பட்டம்மாள் மகளின் பிரசவத்துக்குத் துணைக்குப் போனாள். பத்து நாளில் வருகிறேன் என்றாள். அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. கடையை ஆள் வைத்து நடத்துகிறார்கள், அவர்கள் வேறு தெருவில் இருக்கிறார்கள். பிள்ளையை நான் பார்த்ததில்லை. போன் செய்கிறேன். தினமும் செய்கிறேன். எப்போது அடித்தாலும் தமயந்தி நம்பர் பிஸி. விடிகாலையில் அடித்தாலும் பிஸி, உச்சிவெயிலில் அடித்தாலும் பிஸி. ஒரு தடவை மணி அடிப்பதற்குள் பிஸி. அப்படி யாரோடு பேசுவாளோ, நாள் முழுக்க. சின்ன வயதில் வாயே திறக்கமாட்டாள்.

என்னம்மா? பிஸியைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?

சரி, வேண்டாம், சொல்லாதே.

நல்லது நடந்ததையும் சொல்கிறேன். இந்த சீசனில் ஒரு ஆள்கூடப் பனைக்குப் போகவில்லை. ஒருவர்கூட. எல்லாம் ரேடியோவில் நான் கத்துகிற கத்து. கேப்டன் சட்டத்தை நான் காற்றில் விட்டுவிட்டேன். அவர் ஓடுதளத்தின் அந்தக் கோடியில் நிற்பார், இங்கே நான் பேசுவது அவருக்குக் கேட்காது. சீசன் தொடங்கும்போது புது ரேடியோ செட் வாங்கினார், எல்லாத் தலைக்கவசத்திலும் புது ரேடியோ மாட்டினார். எனக்கு மட்டும் பழைய செட். 'உங்க கைக்குப் பழகினது சார், நீங்க இதையே வச்சுக்கங்க' என்றார். மரியாதை தெரிந்த மனிதர். புதியதை அவர் வைத்துக்கொண்டிருக்கிறார், பிளேனோடு பேசுவதற்கு.

ஒரு ஆச்சரியம் கேள். சில பேர் நான் 'காலை ஆட்டு' என்பதற்கு முன்பே ஆட்டிவிடுகிறார்கள். அவ்வளவு தூரம் பயிற்சி ஏறியிருக்கிறது. சில பேர் நான் வலது என்றால் இடது போகிறார்கள். பதற்றம். ஆனாலும் பத்திரமாக இறங்கிவிடுகிறார்கள். இறங்கியதும் நேரே கேப்டனிடம் ஓடிக் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். 'உங்க குரல்தான் சார் என்னைக் காப்பாத்துச்சு' என்று ஒருத்தி அவரிடம் சொல்லி அழுகிறாள். பயத்தில் ஆள் அடையாளம் தெரியவில்லை பாவம். நானும் திருத்தவில்லை. முதலாளி, இருந்துவிட்டுப் போகட்டும்.

அதோ கேப்டனும் பைலட்டும் வருகிறார்கள். கம்பத்துப் பையைப் பார், தொங்குகிறது. எழுந்திரு. நெஞ்சுப் பட்டையை இறுக்கு. இன்னும். மூச்சு முட்டுகிறதா? முட்டட்டும்.

கேப்டனிடம் பனை பற்றிப் பேசாதே. நான் சொன்னேன் என்று சொல்லாதே. அவர் என்ன கேட்டாலும் அந்தக் கிழவன் வாயே திறக்கவில்லை என்று சொல். தெரிந்தால் இன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். எனக்குப் போக்கிடம் இல்லையம்மா. சொல்லாதே. அவர் முகத்தைப் பார்த்ததும் இதுதான் நினைவுக்கு வர வேண்டும், சொல்லக் கூடாது, சொல்லக் கூடாது.

கேள்வி கேட்கிறேன் என்றாயே? நேரமில்லை. கீழே வந்து கேள். போ.

*

வல்லி. சுபேதார் ஏகாம்பரம் பேசுகிறேன். குடை நன்றாக விரிந்திருக்கிறது. சதுரமாக இருக்கிறது. கேட்கிறதா? கேட்டால் காலை ஆட்டு.

காலை ஆட்டும்மா.

வல்லி.

ஆங். ஆட்டிவிட்டாய். இவ்வளவு நேரமா? சரி. இரண்டு கைப்பிடியும் உன் கையில் இருக்கிறதா? வலது கையை இழு. வலது. மெதுவாக.

இடது போகிறாய். வலது என்றேன். சோறு தின்கிற கை. சரி, சுற்றி வா. இடது வழியாகவே சுற்றி வா. நல்லது. நேரே வா. பொட்டலுக்கு நடுவே வெள்ளைத் துணியில் பெரிய வட்டம் போட்டிருக்கிறது, அதை...

எங்கே போகிறாய்?

தெற்கே ஏன் திரும்புகிறாய்? வலது. வல்லி, வலது.

நான் அந்த வார்த்தையைச் சொல்லப்போவதில்லை. கேப்டன் வேண்டாம் என்றிருக்கிறார். நீயே புரிந்துகொள். அந்தப் பக்கம் வேண்டாம். அந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்று உனக்குத் தெரியும். காட்டினேன் இல்லையா?

அதைப் பார்க்காதே.

அதோ கேப்டன் ஓடுகிறார். ஓடிக்கொண்டே செட்டை வாயில் வைத்துக் கத்துகிறார். பிளேன்தான் இறங்கப் போய்விட்டதே, யாரிடம் கத்துகிறார்? நீ அவரைப் பார்க்காதே, நான் சொல்வதைக் கேள். வல்லி, பனை. பனைம்மா. நேரே போகிறாய். பனையைப் பார்க்காதே. கறுத்த அடி, காய்ந்த மட்டை, அதைப் பார்க்காதே. பனை! ஐயோ, பனை! தமயந்தி, அங்கே போகாதே!

திரும்பு...

திரும்பிவிட்டாய். கடைசி நொடியில். கால் மட்டையில் உரசிற்று, ஓலை ஒடிந்து விழுகிறது. போ, போ, அப்படியே போ, அப்பால் இருக்கிற கடலைக் காட்டுக்குப் போ. இழு. இரண்டு கையும் கீழே இழு.

விழுந்தாய். எழுந்திரு. எழுந்திரும்மா.

எழுந்துவிட்டாய். நிற்கிறாய். கால் உடையவில்லை. பார்த்தாயா? கத்தினேன், திரும்பினாய். நான் கத்தாமல் இருந்திருந்தால் தர்மலிங்கம் மாதிரி... சரி, விடு. உயிரோடு இருக்கிறாய். அது போதும்.

கேப்டன் வந்துவிட்டார். உன் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். இல்லை, நீ வேண்டாம் என்கிறாய், மாட்டிக்கொண்டே பேசுகிறாய். நல்லது. அப்படியென்றால் நான் பேசுவது இன்னும் உனக்குக் கேட்கும். இந்தப் பக்கம் திரும்பு. கொட்டகைப் பக்கம். நான் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன்.

பனையைக் கையால் காட்டுகிறாய். அவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டு பனையைக் காட்டுகிறாய்.

வேண்டாம். சொல்லாதே என்றேன்.

இப்போது என்னைக் காட்டுகிறாய்.

சொல்லிவிட்டாய். அவர் இந்தப் பக்கம் பார்க்கிறார். கோபமாகத் தெரியவில்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொள்கிறார். உன் தோளில் கை வைத்துக் கூட்டிக்கொண்டு போகிறார். என் பக்கம் வரவில்லை, ஜீப் பக்கம் போகிறீர்கள். பரவாயில்லை. எல்லாரும் அப்படித்தான்.

வல்லி. கேள்வி கேட்கிறேன் என்றாயே. இப்போது கேள். நேரம் இருக்கிறது. நீ கேட்டு முடிக்கிறவரை நான் குறுக்கே பேசமாட்டேன்.

வல்லி, கேட்கிறதா?

கேட்டால் திரும்ப வேண்டாம். நடந்துகொண்டே காலையாவது ஆட்டு.